ஆடு தின்னாத கோரை

அக்கா,

துவைக்கிற தண்ணி தேங்குற இடத்துல, அதை உறிஞ்சட்டும்னு நீ நட்ட கோரையைப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஆடு தின்னுடுச்சுன்னு நான் சொன்னது பொய். நான்தான் களைன்னு பிடுங்கிட்டேன். "தண்டை உருட்டிப் பாரு, மூணு பட்டை இருந்தா கோரை, விட்டுடு"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னே. நான் கோரையைப் பிடுங்கிட்டுப் புல்லைப் பத்திரமா விட்டு வச்சிருக்கேன். நேத்து நீ தையல்காரரைக் கிழிகிழின்னு கிழிச்சப்போ கதவுக்குப் பின்னாடி வாயை மூடிக்கிட்டு நின்னேன். வெட்கமா இருக்கு.

குப்பையிலிருந்து பொறுக்கின கோரைக் கிழங்கெல்லாம் குளியலறை வாளியில ஊறுது, திரும்ப நடணும், கொட்டிடாதே. சோறு அடுப்பு மேல இருக்கு.

சாவி பூந்தொட்டிக்கு அடியில.

இன்னொண்ணு: நீ திட்டினதுல தையல்காரர், பாவம், ஆட்டைக் கட்டிப் போட்டுட்டார். அவிழ்க்கச் சொல்லத்தான் போறேன். அவர் முகத்துலகூட முழிச்சிடுவேன், அந்த ஆட்டு முகத்துல எப்படி முழிப்பேன்னுதான் தெரியலை.