வாசலில் பதித்த தாமரை

27-7-1981, திங்கள்.

விடியற்காலையில் அம்மா இறந்துவிட்டாள்.

போன மாதம் வாசலுக்குச் சிமெண்ட் பூசியபோது, கொத்தனாரை ஈரத்தில் கயிற்றை அழுத்தித் தாமரைக் கோலம் பதிக்கவைத்தாள். தினமும் கோலம் போடும் நேரத்தில் நான் படிக்கலாம் என்றாள்.

“எழவு ஊட்டு வாசல்ல கோலம் இருக்கலாமுங்களா? கொத்தி எடுக்கச் சொல்லுங்க,” என்று பெரியம்மா அப்பாவிடம் சொன்னாள்.

“நான் சேறு பூசி மறைச்சுடறனுங்க பெரிம்மா,” என்றேன்.

“ஒரு கோடு தெரிஞ்சாலும் கொத்தித்தான் ஆவோணும் சாமி.”

ஒவ்வொரு கோட்டிலும் விரலால் சேற்றை நிரப்பினேன். அழுகை வரவில்லை. மத்தியானம் அம்மாவைத் தூக்கிப்போனவர்களின் காலில் சேறு ஒட்டிக்கொண்டு போய், ஒரு மூலையில் இரண்டு இதழ்கள் தெரிந்தன. பெரியம்மா வாசல் பக்கம் திரும்புவதற்குள் அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். எல்லோரும் போகும்வரை எழுந்திருக்கவில்லை.