தொலைந்த செய்தி: ஆட்சேபம் இல்லை

ஜூலை 3, 2006, திங்கள்

மழை. மாடிக் கொடியில் துணி மறுபடி நனைந்தது. கீழ் வீட்டு சரோஜா ஆன்ட்டி, உருது கலந்த தமிழில் சத்தம்: "மழை நாள்ல கைக்கும்மா மாடியில காயப்போடறே? நக்கோ. உள்ளே ஃபேன் கீழே போடு." கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம். ஃபேன் கீழே நான் இருக்கிறேனே.

வாங்க: தேங்காய், கொசுவர்த்தி, ஃப்யூஸ் கம்பி.

ஆபீஸ். இரண்டு சொல்தான் பாக்கி. டீம் லீட் ரமணா, என்னைவிடச் சின்னவன், ஒரே குஷி. "ரெண்டே கதா மேடம்! அயிபோயிந்தி!" இரண்டே இரண்டுதானே, முடிந்த மாதிரிதான் என்று தெலுங்கில். முடிந்ததும் என்னை வங்கி ப்ராஜெக்டில் போடுவானாம். டெஸ்டிங்.

மதுரையிலிருந்து அம்மா போன். "அப்படி என்னதான் வேலை பாக்குற?" விளக்கினேன். சாஃப்ட்வேர் கட்டுமுன் பெட்டியும் கோடுமாகப் படம் போடுவார்கள். அந்தப் படத்துக்கு ஒரு மொழி. அந்த மொழிக்குத் தலையணை கனத்தில் ஒரு விதிப்புத்தகம். அதில் பல சொற்களை அர்த்தம் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். அந்த அர்த்தத்தை எழுதுவதுதான் எங்கள் வேலை.

"எழுதினவங்களே சொல்லியிருக்கலாம்ல?" நியாயம்தான்.

ஜூலை 5, புதன்

தூறல். மதியம் கான்ஃபரன்ஸ் கால். லண்டனில் குழுத்தலைவி மார்கரெட், ஆஸ்லோவில் சிவநேசன், இங்கே சனத்நகரில் நான், இன்னும் சிலர். எங்கள் முறை: மார்கரெட் அர்த்தத்தை வாசிப்பார், ஆட்சேபம் உண்டா என்று கேட்பார், கொஞ்சம் பொறுப்பார். யாரும் பேசாவிட்டால் அந்தச் சொல் முடிந்தது.

பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டும் மெஷின். திடும், திடும். மார்கரெட்டுக்கு அந்தச் சத்தம் ஆகாது. அதனால் நான் மட்டும் பேசாத நேரமெல்லாம் ம்யூட்டை அழுத்தி வைக்க வேண்டும். ம்யூட்டில் இருந்தால் ஃபோனில் சிவப்பு விளக்கு.

ஒரு சொல் இன்று முடிந்தது. பாக்கி ஒன்றே ஒன்று, 'தொலைந்த செய்தி'. படத்தில் ஒரு பெட்டி இன்னொரு பெட்டிக்கு அனுப்பி, போய்ச் சேராதது.

எல்லோரும் போன பிறகு வழக்கம்போல் சிவநேசனோடு கொஞ்ச நேரம். யாழ்ப்பாணத்துக்காரர். முகம் பார்த்ததில்லை. போன வருஷம் ஒரு கால் முடிவில், "வாசுகியெண்டால் தமிழோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரு புதன் தவறியதில்லை. பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது.

"இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?"

"ரசம். நீங்க?"

"நேத்தைய பாண்தான். இஞ்ச ஆருக்குச் சமைக்கிறது?" பாண் என்றால் பிரெட். பிறகு, "அடுத்த கிழமையோட முடியுது போல, என்ன?" கிழமை என்றால் வாரம்.

"ஆமா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அசடு.

ஜூலை 9, ஞாயிறு

மூட்டம். யாரிடமும் பேசவில்லை, பால் பூத்தில் ஒரு பாக்கெட்டுக்கு "ஒக்கட்டி" என்றதைக் கணக்கில் சேர்க்காவிட்டால். ஒரு பாக்கெட் பாலே இரண்டு நாள் வருகிறது. தனிமையாக இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு அர்த்தம் எழுதக் குழு வேண்டாம்.

வரைவை மறுபடி படித்தேன். 'அனுப்பப்பட்டு, பெறுபவரைச் சேராத செய்தி.' சேரவில்லை என்று யாருக்குத் தெரியும்? அனுப்பிய பெட்டிக்குத் தெரியாது. பெற வேண்டிய பெட்டிக்கு, ஒன்று வர இருந்ததே தெரியாது. யார் பார்வையில் தொலைந்தது என்று எழுத வேண்டாமா?

நல்ல ஆட்சேபம். கிளப்பினால் இன்னும் சில புதன்கிழமைகள் ஓடும்.

வேலைக்காகவா, புதனுக்காகவா? புதனுக்காகத்தான். ஆனால் ஆட்சேபம் பொய் இல்லையே.

ஜூலை 12, புதன்

அடைமழை. குடை ஆபீஸ் வாசலிலேயே முறிந்தது.

சொல்லிவிட்டேன். தாளில் எழுதிவைத்து, தடுமாறாமல், கடைசி வரை. நான் முடித்ததும் ஒரு பேச்சு மூச்சு இல்லை. மார்கரெட் கொஞ்சம் பொறுத்துவிட்டு, ஆட்சேபம் இல்லை, எல்லாச் சொல்லும் முடிந்தது என்றார். கைதட்டல். ஒருத்தி இவ்வளவு பேசியிருக்கிறேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராகப் போனார்கள்.

"வாசுகி, நிக்கிறீங்களோ?" சிவநேசன்.

"நிக்கறேன். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, அவ பேசினதைக் கேளுங்கன்னு?"

"வாசுகி? ஹலோ?"

"இருக்கேன், சொல்லுங்க."

ரொம்ப நேரம் பொறுத்தார். மூச்சு விடுவது கூடக் கேட்டது. "ஃபோனை வைச்சிட்டா போல கிடக்கு." தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி. கட்.

அப்போதுதான் பார்த்தேன். சிவப்பு விளக்கு. பேசத் தொடங்கும்போதே ம்யூட்டை எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து மெஷின் காலையிலிருந்தே நின்றிருந்தது. இன்றைக்கு ம்யூட்டே தேவைப்பட்டிருக்காது.

ஜூலை 13, வியாழன்

மழை விட்டது. கூட்டக் குறிப்பு மெயிலில் வந்தது. 'தொலைந்த செய்தி: ஆட்சேபம் இல்லை.' மார்கரெட்டுக்கு எழுதி மறுபடி திறக்கச் சொல்லலாம். எழுதவில்லை. அந்தச் சொல்லை மீட்டு நான் என்ன செய்ய?

ரமணா கேக் வெட்டினான். "மேடம், ஸ்பீச்!"

நேற்றே பேசிவிட்டேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலை 14, வெள்ளி

மறுபடி தூறல். வங்கி ப்ராஜெக்ட். புது மேஜை, ஜன்னல் இல்லை, ஃபோனும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் சிவநேசனுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். இதுவரை அவருக்கு அனுப்பிய ஒவ்வொரு மெயிலுக்கும் ஏதோ ஒரு சொல் தலைப்பாக இருந்தது. இதற்கு என்ன வைப்பது? 'நலமா' என்று போட்டு அழித்தேன். 'புதன்' என்று போட்டு அழித்தேன். தயிர்சாதம் அப்படியே இருந்தது. கடைசியில் தலைப்பில்லாமல், ஒரே வரி.

அன்றைக்கு நான் வைக்கவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அனுப்பியாயிற்று. தேங்காய் வாங்க மறந்தாயிற்று.