மார்க்குக்காகப் போட்ட மாத்திரை

யோவ்,

இன்று காலை பக்கத்து வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது. கையில் சுற்றிய பிரஷர் பட்டையைப் பிரிக்கும்போது துணி கிழிகிற மாதிரி 'பர்ர்ர்' என்று வருமே, அதுதான். வெள்ளைக் கோட்டுப் போட்ட புதுப் பையன் ஒருவன் அந்த வீட்டுக்காரருக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தான். தெருமுனையில் கல்லூரி பஸ் நின்றது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பையன் மேல் இல்லை, உன் மேல்தான்.

உயிரோடு இருந்தவரை உன்னை நாலு பேர் முன்னால் 'நீங்க' என்றேன், வீட்டுக்குள் 'யோவ்' என்றேன். இந்தக் கடிதத்தில் நீ வெறும் 'நீ'. மரியாதை வேண்டுமென்றால் எழுந்து வந்து கேள்.

அந்தப் பெண் முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்குச் சில குடும்பங்களைத் தத்து எடுத்து, படிப்பு முடிகிறவரை வந்து வந்து பார்க்க வேண்டுமாம். நம் வீடு அவள் பங்குக்கு வந்தது. தென்காசிப் பக்கத்துப் பெண். கடல் காற்றில் கோட்டு படபடக்க வாசலில் நின்று, "அங்கிள், உள்ள வரலாமா?" என்றாள். அவ்வளவுதான், நீ விழுந்துவிட்டாய். பிள்ளை இல்லாத வீட்டை ஒரு பிள்ளை தானாக வந்து தத்தெடுத்துக்கொண்டது என்று, உன் வேனில் கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாய். "எங்க வூட்டுக்குன்னு தனியா டாக்டரு கீது, தெரியுமா?" என்பாய்.

அவள் பார்த்துத்தான் உனக்குப் பிரஷர் என்று தெரிந்தது. அவளே பெரிய டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரையும் வாங்கித் தந்தாள். அதுவரை அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்டாய். பிறகு, "போட்டா கிறுகிறுன்னு வருதுடி, வண்டி ஓட்ட முடில" என்று நிறுத்தினாய். அதை டாக்டரிடம் சொல், வேறு மாத்திரை தருவார்கள் என்றேன். சொன்னாயா? வாயில் கொழுக்கட்டை.

சொல்லாததோடு விட்டாயா? வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே அவள் போன் செய்துவிடுவாள். போன் வந்ததும் மாத்திரை டப்பா அலமாரியிலிருந்து இறங்கும். கருவாடு வேண்டாம், குழம்பில் உப்பைக் குறை என்று எனக்கு உத்தரவு வேறு. நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அதிகாரி வருகிறார் என்றால் அண்டா எப்படிப் பளபளக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த அண்டாவைப் போல உடம்பைத் துலக்கி அவள் முன்னால் வைத்தாய். அவள் பஸ் ஏறியதும் டப்பா மறுபடி அலமாரிக்குப் போய்விடும்.

ஒரு நாள் அவளும், அவளுக்குச் சொல்லித்தருகிற சாரும் வந்திருந்தபோது போட்டு உடைத்துவிட்டேன். "பாப்பா, நீ வர்றப்பதான் இவரு மாத்திர போடறாரு. மத்த நாள்ல தொடறதே இல்ல."

நீ என்ன செய்தாய்? சிரித்தாய். "அவ அப்டிதாம்மா. எதுனா ஒரு சண்ட இல்லன்னா அவளுக்குச் சோறு எறங்காது."

மிஷினும் உன் பக்கம்தான் பேசியது. சார் அவளைப் பாராட்டினார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீடிங் நல்லாத்தானே இருக்கு ஆன்ட்டி? நீங்க அங்கிளை டென்ஷன் பண்ணாம இருந்தாலே போதும்" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் வீட்டிலேயே என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டு, நீ அவர்களுக்கு இளநீர் வெட்டப் போனாய்.

அவர்கள் போனதும், ஏன்யா இப்படிச் செய்கிறாய் என்று பிடித்துக்கொண்டேன்.

"கத்தாதடி. அது எங்கேர்ந்தோ வந்து படிச்சிகினு கீது. நம்ம வூட்ல பிரஷர் ஏறிக் கெடந்தா அதுக்குத்தான மார்க்கு போவும்? பாவம்டி."

அப்புறம் ஒரு நாள், மாமல்லபுரத்தில் டீ குடிக்க வேனை நிறுத்திய நீ இறங்கவே இல்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். வண்டி நின்ற பிறகு நடந்ததால் அவர்களாவது பிழைத்தார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தாய். அடக்கத்தில் பாஸ்டர் உன்னைத் தங்கமான மனுஷன் என்றார். எழுந்து கத்தியிருப்பேன், என் தங்கச்சிதான் பிடித்து உட்காரவைத்தாள்.

பிறகு அந்தப் பெண் வந்தாள், கோட்டு இல்லாமல். "எப்படி ஆன்ட்டி? அங்கிளுக்குக் கன்ட்ரோல்லதானே இருந்துச்சு?" என்றாள். நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அவருக்குப் பிரஷர் ஏறியிருந்தா உனுக்கு மார்க்கு கொறைப்பாங்களா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. "அதுக்கு ஏன் ஆன்ட்டி குறைக்கணும்? எவ்வளவு இருந்தாலும் சரியாப் பார்க்கணும். இறங்கலைன்னா ஏன்னு விசாரிச்சுக் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தானே மார்க்கே."

கேட்டாயா? உயிரைக் கொடுத்து நீ வாங்கித் தந்த மார்க்கு என்று ஒன்று இல்லவே இல்லையாம். நீயாகக் கட்டிக்கொண்ட கதையாம் அது.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். போன் வந்த பிறகு விழுங்கிய மாத்திரை, கருவாடு, மார்க்கு, ஒன்று விடவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "அன்னிக்கே சொன்னீங்களே ஆன்ட்டி" என்றாள். ஆமாம், சொன்னேன் என்றேன். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை.

அவளுக்கு மார்க்குப் போய்விடும் என்று பயந்தாயே, எனக்குப் புருஷன் போய்விடுவான் என்று உனக்கு ஒரு நாளாவது தோன்றியதா? இதைக் கேட்க வேண்டிய ஆள் இல்லாமல், தினமும் அடுப்படியில் நின்று சுவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் இப்போது பிரஷர் வந்துவிட்டது. யார் வந்தாலும் வராவிட்டாலும் தினமும் காலையில் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். உயிர் மேல் ஆசை என்று நினைத்துக்கொள்ளாதே. அவ்வளவு சீக்கிரம் உன்னிடம் வந்து சேர மாட்டேன். தனியாகக் கிட அங்கே. அப்போதுதான் தெரியும் உனக்கு.