மூன்றாவது பெட்டியின் முடிச்சு

1934 அக்டோபர் 9, செவ்வாய். போர்த்வெல்லன்

கடத்தல்காரர்கள் கரையேறும் காட்சி. நடிகர் ஃபாரண்ட், பாறைக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணாடியோடு எட்டிப் பார்க்க வேண்டும். மூன்று தடவையும் தொப்பி இல்லாமல் எட்டிப் பார்த்தார். படத்தில் கடத்தல்காரர்களை எல்லாம் பிடிக்கப்போகும் கனவான் துப்பறிவாளர் இவர்தான்! தொப்பியை நினைவுபடுத்துவது என் வேலை. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

நாலாவது ஷாட்டில் ஒரு கோளாறு. காலையில் பன்னிரண்டு பெட்டிகளிலும் முடிச்சு முன்பக்கம் இருந்தது. மதியம், படப்பிடிப்புச் சாமான்களுக்குப் பொறுப்பான ஹெர்பர்ட் அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு முனை தாண்டிப் போய்த் திரும்பியபோது, மூன்றாவது பெட்டியில் மட்டும் முடிச்சு பக்கவாட்டில். போட்ட விதமும் வேறு. ஹெர்பர்ட் கட்டினால் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகிவிடுவான். தாளில் இரண்டையும் வரைந்தேன். 'இந்த ஷாட் வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டேன். எல்லார் முன்னாலும் சொல்லவும் செய்தேன்.

ஹெர்பர்ட் சிரித்துக்கொண்டே, படகுக்கார ஜேகோ கை வைத்திருப்பார் என்றான். ஜேகோ மதியம் முழுக்கக் கரையில்தான் நின்றிருந்தார். அதையும் எழுதிவைத்தேன்.

அக்டோபர் 10

ஹெர்பர்ட் இன்று எனக்கு டீ கொண்டுவரவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவை. வசந்தத்தில் கல்யாணம் என்று கேட்டவன் அவன்தான், நான் இல்லை.

அக்டோபர் 13, சனி

ஜேகோ வந்தார். சினிமாக்காரர் பெட்டியை நோண்டினவர் என்று மதுக்கடையில் கேலி செய்கிறார்களாம். மனிதருக்கு ரோஷம் தாங்கவில்லை.

"நாப்பது வருஷமா கயிறு புடிக்கிறவன் மிஸ் நான். அது என் முடிச்சு இல்ல, நம்ம கரை முடிச்சே இல்ல. சரி, என்னதான் இருக்குன்னு அந்தப் பெட்டியத் தொறந்து பாத்துட்டேன். காலிப் பெட்டின்னுதான சொன்னாங்க? உள்ள பூரா கைக்கடிகாரம். வெளிநாட்டுச் சரக்கு."

நாளை சேப்பலில் ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் சுங்க அதிகாரி பென்ரோஸிடம் சொல்லப்போகிறாராம். படப்பிடிப்புப் பெட்டிகளைத் திறக்க வேண்டாம் என்று முதல் நாளே அனுமதி கொடுத்தவர் பென்ரோஸ்தான்.

சாயங்காலம் ஹெர்பர்ட்டிடம் சொன்னேன். அவன் பொறுப்பில் இருக்கும் பெட்டிகள், அவனுக்குத் தெரிய வேண்டாமா? அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வேற யார்கிட்டயாவது சொன்னாரா?"

அக்டோபர் 14, ஞாயிறு

சேப்பலில் ஜேகோவின் இடம் காலியாக இருந்தது. பிற்பகலில் அவர் படகு கவிழ்ந்து மிதந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

கடல் சலனமே இல்லாமல் கிடந்தது. காற்றும் இல்லை. நாப்பது வருஷம் படகு ஓட்டினவர் எப்படிக் கவிழ்வார்? நான் ஏன் வாயைத் திறந்தேன்?

அக்டோபர் 15, திங்கள்

ஜேகோவின் மனைவி லவ்டே படப்பிடிப்புக்கே வந்துவிட்டாள். ஃபாரண்ட் வேஷத்தில் நின்றிருந்தார். நேராக அவரிடம் போய் நின்றாள்.

"படத்துல எல்லாத்தையும் கண்டுபுடிக்கிறீங்களே ஐயா. எங்க வீட்டுக்காரரக் கண்டுபுடிச்சுக் குடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் வெறும் நடிகன்மா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எனக்குத் தைரியம் வரவில்லை, தாளைப் பார்த்தபடி நின்றேன்.

சாயங்காலம் ஹெர்பர்ட் என் படப்பிடிப்பு நோட்டைக் கேட்டான். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை என் கண்ணெதிரே மெதுவாகக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "தேவையில்லாததெல்லாம் எழுதாத, மேபல்." குரலில் கோபமே இல்லை. வரும் ஞாயிறு படகில் போய் வரலாமாம். நாம் இரண்டு பேர் மட்டும்.

நோட்டில் இருந்தது கார்பன் நகல். அசல் தாள் அந்தச் செவ்வாயன்றே ஃபிலிம் டப்பாக்களோடு லண்டனுக்கு ரயிலேறிவிட்டது. அந்தப் பார்சலைக் கட்டியவனே அவன்தான். மறந்துவிட்டான்.

மறந்ததை நினைவுபடுத்துவதுதான் என் வேலை. இதை மட்டும் நினைவுபடுத்தவில்லை.

அக்டோபர் 17

அறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்திருக்கிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவனுக்குப் பயந்து!

அக்டோபர் 18, வியாழன்

ஜேகோ கரை ஒதுங்கினார்.

பென்ரோஸ் படப்பிடிப்புக்கு வந்து, ஒருவர் விடாமல் எல்லாரிடமும் ஒரு கயிற்றுத் துண்டைக் காட்டினார். ஜேகோவின் காலில் கல்லைக் கட்டியிருந்த கயிறு; கல் நழுவிப் போயிருந்தது. முடிச்சைக் கலைக்காமல் வெட்டி எடுத்திருந்தார். பத்தடி தள்ளி ஹெர்பர்ட் கம்பளியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். என் முறை வந்ததும் சுருட்டுவதை நிறுத்தினான்.

"இந்த முடிச்ச எங்கயாவது பாத்திருக்கீங்களா, மிஸ் கார்லண்ட்?"

இரண்டு சுற்று. நுனி உள்ளே.

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. இல்லைன்னு சொல்லிட்டு வசந்தத்துல அவன கட்டிக்கிட்டு — தினம் அவன் கையால டீ வாங்கிக் குடிச்சுக்கிட்டு — முடியுமா என்னால?

பாத்திருக்கேன், வரைஞ்சும் வெச்சிருக்கேன், என்றேன். செவ்வாய்க்கிழமைத் தாளைக் கேட்டு லண்டனுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன். ஹெர்பர்ட் ஓடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

1935 மார்ச் 12, செவ்வாய். லண்டன்

நம் படம் கில்பர்ன் தியேட்டருக்கு வந்துவிட்டது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

ஃபாரண்ட் ஒரு மணி நேரத்தில் எல்லாரையும் பிடித்துவிடுகிறார். ஒரு காட்சியில் தலையில் தொப்பி இருக்கிறது, அடுத்ததில் இல்லை. ஜனங்கள் கைதட்டினார்கள்.

கரையேறும் காட்சிக்கு அந்த நாலாவது ஷாட்டையே போட்டிருக்கிறார்கள். நான் அடிக்கோடு போட்டதை யார் படித்தார்கள்? மூன்றாவது பெட்டி, முடிச்சு பக்கவாட்டில். தூரத்தில் ஜேகோ தொப்பியைக் கழற்றி முகம் துடைத்துக்கொள்கிறார். திரை ஓரத்தில் ஒரு கை மட்டும் வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறது. எனக்குத் தெரிந்த கை. எல்லாம் எட்டு விநாடி. பக்கத்து சீட்டுக்காரர் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த எட்டு விநாடிக்காக அடுத்த ஆட்டத்துக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நாளை காலை ஒன்பது மணிக்கு ஹெர்பர்ட்டைத் தூக்கிலிடுகிறார்கள்.