சிவப்பு மையில் இருபத்தாறு நாள்

இடைசெவல்,
9-2-1986.

கோவில்பட்டியில் இருக்கும் ஓய்வு பெற்ற சுபேதார், உயர்திரு சங்கரபாண்டி அவர்களுக்கு, இடைசெவல் வன்னியபெருமாள் எழுதிக்கொண்டது.

இங்கு நான், உமக்குத் தங்கை முறையாகிற என் மனைவி மீனாட்சியம்மாள், மகள் பேபி மூவரும் உயிரோடு இருக்கிறோம். உம்முடைய நலத்தைக் கேட்க வேண்டிய இடம் இது. கேட்கப் போவதில்லை. குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்து மைதானத்தில் கொடியேற்றினபோதே பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறீர். கோட்டில் மெடல்கள் வரிசையாகத் தொங்கின. நான் வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்ததும் கொடிக்கம்பத்தின் உச்சியில் உமக்கு ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

உம்மை மச்சான் என்று எழுதிப் பழகின கை இது. இன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. வரவழைக்கவும் மாட்டேன்.

கடிதம் என்றால் ஊர்ச் செய்தி எழுத வேண்டும் அல்லவா, எழுதுகிறேன். ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டதால் பருத்தி முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. உளுந்து பரவாயில்லை. வடக்குப் புஞ்சைக் கிணறு வற்றிவிட்டது. பேபிக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்துவிட்டது. கடைசிச் செய்தி உமக்குப் புதிதாக இருக்காது. முறித்தவரே நீர்தான்.

மாப்பிள்ளைப் பையனின் அப்பா ஓட்டப்பிடாரம் சிவனாண்டி, நம்மைப் போல் பழைய பட்டாளத்துக்காரர். தை பிறந்ததும் வந்து பெண் பார்த்தார். ஜாதகம் பொருந்தியது. பூ வைக்க நாள் குறிக்கிற நேரத்தில் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புஸ்தகத்தைக் கேட்டார். கொடுக்காவிட்டால் எதையோ மறைக்கிறேன் என்று ஆகும் என்பதால் எடுத்துக் கொடுத்தேன். யுத்தம் நடந்த மாதத்துக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறதே, லீவு முடிந்தும் இருபத்தாறு நாள் திரும்பவில்லை என்று, அதை விரலால் தொட்டுப் படித்தார். மெடல் பக்கத்தைப் புரட்டினார். கிழக்குச் சண்டையில் இருந்தவனுக்கெல்லாம் கொடுத்த பூர்வி ஸ்டார் அதில் இல்லை. “மத்தவன் ஜாதகத்தில ராகு எங்கன, கேது எங்கனன்னு பாப்பான். நான் பட்டாளத்தான், இதத்தான் பாப்பேன். கிழக்க சண்ட நடக்கையில நீரு எங்கன இருந்தீரு?” என்று கேட்டார்.

சண்டையில்தான் இருந்தேன், அன்றைக்கு எங்கள் கம்பெனிக்குக் கிளார்க்காக இருந்தவர் சங்கரபாண்டி, என் வீட்டுக்காரிக்கு அண்ணன், போய்க் கேட்டுப் பாரும் என்று நானே அவரை உம்மிடம் பஸ் ஏற்றி அனுப்பினேன். என்னை விட மடையன் இந்தத் தாலுகாவில் உண்டா?

அவரிடம் நீர் சொன்னதை அவர் அப்படியே என்னிடம் வந்து ஒப்பித்தார். “ரெக்கார்டுல என்ன இருக்கோ அதான் உண்மை. தங்கச்சி புருசன்னு பொய் சொல்ல முடியுமா?” என்றீராம். அந்த ரெக்கார்டை எழுதினது யார் என்று அவருக்குச் சொல்ல உமக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. பதினாலு வருஷம் ஆகிவிட்டது, உமக்கு வயதும் ஆகிவிட்டது, நான் ஞாபகப்படுத்துகிறேன்.

எழுபத்தொன்று நவம்பரில் எனக்கு லீவு சாங்ஷன் ஆகிக் காகிதம் உம் மேஜையில் கிடந்தது. அன்றைக்கு உம் கூடப்பிறந்த தங்கை சொர்ணத்தாய்க்குப் பிரசவம் சிக்கலாகி, உயிர் தப்புவது கஷ்டம் என்று தந்தி வந்தது. அவள் புருஷன் செண்பகராஜ் நம் கம்பெனிதான். அவனுடைய லீவு ஆடியிலேயே தீர்ந்துவிட்டது. மேலே மனுப் போட்டுக் காத்திருந்தால் அவன் புதூருக்குப் போய்ச் சேருவது பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான். நீர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர். “மாப்ளே, எந்தங்கச்சி உசுரு ஒம்ம கையில இருக்கு. ஒம்ம லீவக் குடும்” என்றீர். கொடுத்தேன். என் பெயரில் போட்ட லீவுச் சீட்டோடும் ரயில் வாரண்டோடும் செண்பகராஜ் ரயில் ஏறினான். கம்பெனிக்கு அதிகாரி மாறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவருக்கு எங்கள் முகம் தெரியாது. பிளாட்டூன் ஹவில்தார் உமக்காகக் கண்ணை மூடிக்கொண்டார். இருபது நாள்தானே என்றோம். பதின்மூன்றாம் நாள் சண்டை வந்துவிட்டது.

சண்டை முடிகிற வரைக்கும் ரோல்காலில் செண்பகராஜ் என்று கூப்பிட்டால் ஹாஜிர் சொன்னவன் நான். வன்னியபெருமாள் காகிதத்தில் கோவில்பட்டியில் இருந்தான். ஆற்றங்கரையில் குண்டுப் பெட்டி இறக்கும்போது என் வலது கை விரல் இரண்டு நசுங்கினதே, அதுகூட எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கோவில்பட்டியில் இருக்கிறவனுக்குக் கிழக்கே எப்படிக் காயம் படும்? நான் அங்கே செத்திருந்தால் தந்தி சொர்ணத்தாய்க்குப் போயிருக்கும். மீனாட்சி பூவும் பொட்டுமாக வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் படுத்தது கிடையாது. நீர் எப்படித் தூங்குகிறீர்?

செண்பகராஜ் திரும்பி வர இருபத்தாறு நாள் தாமதமானது. சொர்ணத்தாய் பிழைத்து எழுந்து நடமாட அத்தனை நாள் ஆயிற்று, அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இருபத்தாறு நாளைச் சிவப்பு மையில் என் தலையில் எழுதினது உம்முடைய பேனா. பூர்வி ஸ்டார் அவனுக்குப் போயிற்று. இப்போது வாயைத் திறந்தால் மூன்று பேருக்கும் கோர்ட் மார்ஷல், ஆறு மாதம் பொறும், நான் சரி செய்கிறேன் என்றீர். ஆறு மாதத்தில் உமக்கு உத்தியோக உயர்வு வந்து வேறு இடம் போய்விட்டீர். செண்பகராஜாவது மனிதன். சாகிற வரைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த ஸ்டாரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, “சகல, இது ஒம்ம சாமான், எடுத்துக்கிடும்” என்பான். பேர் பொறித்த சாமானை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இத்தனை வருஷத்தில் ரெக்கார்டு ஆபீசுக்கு மூன்று மனு போட்டுவிட்டேன். அன்றைய அதிகாரியோ கிளார்க்கோ எழுதிக் கொடுத்தால் ஒழிய பதிவைத் திருத்த முடியாது என்று பதில் வந்திருக்கிறது. அதிகாரி காலமாகிவிட்டார். மிச்சம் இருப்பது நீர் ஒருவர். இந்த உலகத்தில் யாரிடம் கை நீட்டக் கூடாது என்று இருந்தேனோ அவரிடமே நிற்கிறேன்.

நீர் எழுத வேண்டியது நாலு வரி. 1971 நவம்பரில் வன்னியபெருமாள் லீவில் போகவில்லை, யுத்தகளத்தில் இருந்தான், அவன் பெயரில் உள்ள பதிவு என் கைத்தவறு என்று எழுதும். செண்பகராஜ் பேச்சே அதில் வரக் கூடாது. செத்தவனையும் இருக்கிறவளையும் இழுக்காமல் தப்பை நீர் ஒருவரே ஏற்றுக்கொள்ளும். புஸ்தகத்தைத் திருத்திக் கொண்டுவந்தால் சித்திரை வரைக்கும் காத்திருப்பதாகச் சிவனாண்டி சொல்லியிருக்கிறார். உமக்குப் பதினைந்து நாள் தருகிறேன்.

இப்படிக்கு,
எந்த ஸ்டாரும் இல்லாத,
வன்னியபெருமாள்.


இடைசெவல்,
2-3-1986.

சங்கரபாண்டி அவர்களுக்கு,

உம்முடைய பதில் வந்தது. கவரில் போடாமல் கார்டில் எழுதியிருந்தீர். உமக்குத் தெரியாமல் நடந்த காரியம் இல்லை அது. தபால்காரர் முப்பிடாதி தெருமுனையிலிருந்து படித்துக்கொண்டே வந்தார். எங்கள் வாசலுக்கு வருமுன் டீக்கடைக்கும் அரவை மில்லுக்கும் சேதி போய்விட்டது. “புத்தி பேதலித்துப் பேசுகிறீர். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆதாரம் இருந்தால் காட்டும்.” மூன்றே வாக்கியம், முத்து முத்தான கையெழுத்து. மறுநாள் டீக்கடையில் நான் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். உம் காரியம் நன்றாகவே பலித்தது.

உம் கையெழுத்து அன்றும் அழகுதான். கம்பெனியில் பாதிப் பேருக்கு வீட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் நீர். அதை வைத்துத்தான் உம்மை எல்லோரும் நம்பினோம்.

சேதி புதூர் வரைக்கும் போயிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை சொர்ணத்தாய் ஆட்டை அடைத்துப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மடியிலிருந்து ஸ்டாரை எடுத்து என் முன்னால் வைத்தாள். “அத்தான், அவிய போட்டோ பக்கத்தில இத மாட்டி வச்சிருக்கேன். ஒவ்வொரு நாளும் அது என்னப் பாத்துக் கேக்குது. எந்த ஆபீசுக்கு வரணும்னாலும் வாரேன், கைநாட்டு வைக்குதேன்” என்று அழுதாள். நான் கோபக்காரன், உமக்குத் தெரியும். அவளிடமும் கத்திவிட்டேன், எடுத்துக்கொண்டு போ என்று. அவள் வந்து சாட்சி சொன்னால் அவள் புருஷன் சண்டையில் இல்லை என்று ஊரறிய ஆகும். போட்டோவில் மாலை போட்டு வைத்திருப்பவனை நானே பிடித்து ஓடுகாலி ஆக்கவா? என் பெயருக்கு நேர்ந்தது போதும்.

அவள் போன பிறகு மீனாட்சி தகரப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து ஓர் இன்லண்டு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். எழுபத்தொன்று டிசம்பர் முத்திரை. உம் கையெழுத்து. விரல் நசுங்கி எழுத முடியாமல் கிடந்தபோது, நலம் என்று ரெண்டு வரி போடும் என்று உம்மைக் கேட்டேனே, அது. நீர் ரெண்டு வரி போடவில்லை. அதில் என்ன எழுதினீர் என்று நான் இத்தனை வருஷம் கழித்துத்தான் படித்தேன். ஏன் இதுவரை காட்டவில்லை என்று மீனாட்சியிடம் சண்டை பிடித்தேன். “அந்தக் கதைய வீட்ல பேசப்படாதுன்னு சொன்னது நீங்க. அண்ணன் ஒரு நாள் தானா வந்து சொல்லுவாவன்னு நான் இருந்தேன்” என்றாள். உம்மை இன்னும் மரியாதையாக அவிய, இவிய என்றுதான் சொல்லுகிறாள். எனக்குப் பற்றி எரிகிறது.

நீர் கேட்ட ஆதாரம் கிடைத்துவிட்டது. மனு எழுதுகிறவர் இதைப் பார்த்துவிட்டு, ரெக்கார்டு ஆபீசுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பும், அந்த ஆளை அங்கே இழுத்து நிறுத்திவிடுவார்கள் என்றார். இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், பருத்தி எடுக்கையில்கூட நீர் கூண்டில் நிற்கிற காட்சியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஆனால் இதில் செண்பகராஜ் பெயர் இருக்கிறது. இது அங்கே போனால் எனக்கு ஸ்டார் வரும், புதூரில் போட்டோ பக்கத்தில் இருப்பது போகும்.

ஆகையால் உமக்கே அனுப்புகிறேன். இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. என்னிடம் இருந்தால் என் கோபம் என்றைக்காவது ஒரு நாள் இதைத் தபாலில் போட்டுவிடும், என்னை எனக்குத் தெரியும். கிழிக்கிறதானால் கிழியும். இனி உம்மிடம் ஒன்றும் கேட்க மாட்டேன், மிரட்டவும் மாட்டேன். இத்தனை காகிதம் எழுதினீரே, அதில் என்னைப் பற்றி உண்மையாக எழுதினது இது ஒன்றுதான். ஒரு தடவை, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கடைசி வரை படியும். பேபி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். அதற்கு மேல் எழுத விரல் வளையவில்லை.

வன்னியபெருமாள்.


99 ஏ.பி.ஓ.,
19-12-1971.

அன்புள்ள தங்கை மீனாட்சியம்மாளுக்கு, உன் அண்ணன் சங்கரபாண்டி ஆசீர்வாதம்.

சண்டை முடிந்துவிட்டது. மாப்பிள்ளையும் நானும் நலம். அவருக்கு வலது கை விரலில் அடி, அதனால் நான் எழுதுகிறேன், பயப்பட வேண்டாம். இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். நலம் என்று மட்டும் எழுதச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அவர் தன் முறையை விட்டுக்கொடுத்ததால்தான் செண்பகராஜ் ஊர் வந்து சேர்ந்தான். சொர்ணத்தாய் கண் திறந்துவிட்டாள் என்று தந்தி வந்தது. உன் புருஷனுக்கு இந்தச் சண்டையில் ஏதாவது ஆகியிருந்தால் நான் உன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். நான் கும்பிடுகிற சாமிக்கு அடுத்தபடி அவர்தான். அவர் பெயருக்கு என்னால் ஒரு குறைவும் வராது.

குட்டிப் பேபி எப்படி இருக்கிறாள்? மாமா கேட்டதாகச் சொல். அவள் கல்யாணத்தன்று தாய்மாமன் இடத்தில் முதல் ஆளாக நான் வந்து நிற்பேன். வராமல் போனால் என்னை அண்ணன் என்று சொல்லாதே.