பேச்சில் சேர்த்த ஒரு வரி

செவ்வாய், இரவு

இதைக் கண்டெடுப்பவர் தயவுசெய்து அம்மாவிடம் காட்ட வேண்டாம்.

மன்னாரில் காற்றாலைக்கு எதிராக வீதியை மறித்த மாமாவைப் பொலிஸ் தேடுகிறது. அவர் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஒளிந்திருப்பதை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

நேற்று, காற்று மின்சாரத்தைப் புகழ்ந்து வகுப்புக்காக நான் எழுதிய பேச்சை மாமாவிடம் வாசித்தேன்.

"நல்லா இருக்கு பிள்ளை. காத்தாடிக்கு றோட்டுப் போட்டுத் தண்ணி ஓடுற வழிய அடைச்சதால எங்கட வீட்டுக்குள்ள வெள்ளம் நிக்குது. அதையும் ஒரு வரி போடன்."

போட்டேன். இன்று வகுப்பில் அதைக் கேட்ட ரீச்சர், "இதை ஆர் உமக்குச் சொன்னது?" என்றார்.

"எங்கட வீட்ட நிக்கிற மன்னார் மாமா, ரீச்சர்."

முன்வாங்கில் அமர்ந்திருந்த, பொலிஸ்காரர் ஒருவரின் மகள் திரும்பிப் பார்த்தாள்.

மாமா ஹோலில் குறட்டை விடுகிறார். எழுப்பிச் சொன்னால் இப்போதே போய்விடுவார். நான் சொல்லிவிட்டதை அவரிடம் ஒப்புக்கொள்ளப் பயந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். குறட்டை நின்று