மைமூன் கொடுக்கும் ரெண்டு ரிங்

திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பழைய போன் போன வாரம் செத்தது. இன்று கடைக்காரத் தம்பி வந்து கார்ட்லெஸ் மாட்டிவிட்டுப் போனார். அடுப்படி வரை கையோடு கொண்டு போகலாமாம். அடுப்படிக்கு என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்.

நூறு நம்பர் பதியலாம் என்றார். பதிந்தது: கேஸ், பால், ஆட்டோ, டாக்டர், சர்ச் ஆபீஸ், தேவதானத்து அண்ணன், மைமூன். எட்டாவதாக ஒரு ஆளை யோசித்தேன். கிடைக்கவில்லை. மீதி காலி.

ஆங்கில எழுத்துதான் ஏறுகிறது. மைமூன் பேரில் பாதிக்கு மேல் ஆறாம் பட்டன். அமுக்கி அமுக்கி விரல் வலி. இனி அவள் கூப்பிட்டால் பேரே வருமாம்.

பேண்டேஜ் கம்பெனியில் ஒரே டேபிளில் துணி சுருட்டியவர்கள் நாங்கள். இப்போது அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில், மகனோடு. போன் ஹாலில். மருமகள் முன்னால் பேசக் கூச்சம் அவளுக்கு. அதனால் ரிங் மட்டும், யாரும் எடுப்பதில்லை. தினமும் காலையில் ரெண்டு ரிங் கொடுத்து வைப்பாள்: நல்லா இருக்கேன். நானும் ரெண்டு. ஒன்று என்றால், இன்றைக்கு ஆள் இருக்கு, விடு. மூன்று என்றால், உடனே வா. மூன்று ஒரே தடவைதான் வந்திருக்கிறது, அவள் வீட்டுக்காரர் தவறிய அன்று.

செவ்வாய்

வெயில். மைமூன் என்று பேர் அழகாக வந்தது. ஆனால் ஒரே ரிங். விருந்தாளி போல. நான் ரெண்டு கொடுத்தேன்.

புதன்

மறுபடியும் ஒன்று. என்னிடம் 'விடு' சொல்லும் அளவுக்கு அப்படி என்ன வேலை? ரசம் வைத்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

வியாழன்

இன்றும் ஒன்று. எனக்கும் ரோஷம் உண்டு. நானும் ஒன்றே கொடுத்து வைத்தேன். ஆனைக்கும் பானைக்கும் சரி.

பிறகு நாள் முழுக்க போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிக்கும்போதுகூட வாளிக்குப் பக்கத்தில். வெட்கமாக இருக்கிறது, எழுதிவைக்கிறேன்.

வெள்ளி

ரெண்டு! அம்மாடி. உடனே ரெண்டு திருப்பிக் கொடுத்தேன். செத்த நேரத்தில் மறுபடியும் ரெண்டு அடித்தாள். கோபம் போய்விட்டது போல. நானும் மறுபடி ரெண்டு. கேசரி கிளறினேன், ஒருத்திக்கு ஏன் இம்புட்டு என்று பிறகுதான் தோன்றியது.

சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ரிங்கே இல்லை. போன் ரிப்பேரோ என்று பக்கத்து வீட்டில் செல் வாங்கி அடித்துப் பார்த்தேன். செல்லில் ஒரு மணி கேட்டது. கார்ட்லெஸ் ஊமை. ரெண்டாவது மணிக்குத்தான் இது அடித்தது. நாலு தடவை பார்த்தேன், அதேதான்.

கடைக்காரரைக் கேட்டேன். ஆமாம்மா, நம்பரைப் பார்த்துப் பேரைத் தேடி எடுக்க முதல் ரிங்கைத் தின்னுரும், எல்லாருக்கும் அப்படித்தான், யாரும் கண்டுக்கிடறதில்லை என்றார்.

அப்படியென்றால் அந்த ஒன்றெல்லாம் ரெண்டு. நேற்று வந்த ரெண்டு, மூன்று. ரெண்டு தடவை மூன்று.

உடனே அவள் வீட்டுக்கு அடித்தேன். விடாமல் அடித்தேன். எடுக்க ஆளில்லை. பஸ் ஏறினேன். மடவார் வளாகம் தாண்டி அவள் தெரு. வீடு பூட்டு. சன்னலில் திரை இல்லை. உள்ளே சாமான் இல்லை.

எதிர்வீட்டம்மா விவரம் சொன்னார். மகனுக்குத் திருப்பூரில் வேலை. ரெண்டே நாளில் முடிவு. நேற்று மத்தியானம் வேனில் எல்லாம் ஏற்றிக் கூட்டிப் போய்விட்டான். புது நம்பர் அவருக்கும் தெரியாது.

“வேன்ல ஏற மாட்டேன்னு நின்னாவக்கா. அவ வந்துருவா, செத்த நேரம் பொறுலேன்னு மவன்ட்ட கெஞ்சுனாவ. ரெண்டு மட்டம் போனைத் தூக்கி வச்சாவ. பொறவு, ‘நான் வான்னு கூப்புடுதேன், அவ நல்லாருக்கேன்னு சொல்லுதா’ன்னு சொல்லிட்டு, பேசாம ஏறிட்டாவ.”

திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறந்து, கண்டக்டர் கேட்ட பிறகு எடுத்தேன். அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஞாயிறு

மழை. சர்ச்சுக்குப் போகவில்லை. கேசரி கெட்டுவிட்டது, கொட்டினேன். போனில் மைமூன் பேரை எடுத்துப் பார்த்தேன். காலி வீட்டு நம்பர். அழிக்க மனசில்லை.

பல் தேய்க்கும்போது போன் அடித்தது. பேர் வரவில்லை. தெரியாத செல் நம்பர். ஒரே ரிங், நின்றுவிட்டது.

ஒன்று என்றால் ரெண்டு.

வாயைக் கொப்பளிக்காமலே அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தேன். ஒன்று. ரெண்டு. வைக்கவில்லை. மூன்று. நாலு. மருமகள்தான் எடுத்தாள், யாரு என்றாள்.

“மைமூன்ட்ட குடும்மா. நான் பேசணும்.”